முனையில் இருக்கிறது சூட்சுமம்

மரவில்லில் அலுமினிய அம்பைத் தொடுக்கும் இளைஞர்கள் குறி தவறும்போது பழி அவர்கள் கைமேல் விழுகிறது. பல நேரங்களில் குறை, அம்பின் முனையில் இல்லாமற்போன சில கிராம் எடையில்தான் இருக்கிறது.

இந்திய வில்வித்தையின் பெரிய பெயர்கள் மூங்கிலில்தான் தொடங்கின. ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமம் ஒன்றில் மூங்கில் வில்லால் பறவைகளைக் குறிபார்த்துப் பழகிய லிம்பா ராம், 1987இல் அரசு நடத்திய தேர்வில் கண்டெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டே சியோல் ஒலிம்பிக்கில் நின்றார். 1992இல் பெய்ஜிங்கில் நடந்த ஆசிய வில்வித்தை சாம்பியன்ஷிப்பில் 30 மீட்டர் தூரத்தில் 360க்கு 358 புள்ளிகள் எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தார். ராஞ்சி அருகே ராட்டு சட்டி கிராமத்தில் மாங்காய்களைக் கல்லால் அடித்து வீழ்த்திய தீபிகா குமாரியும் மூங்கில் வில்லிலிருந்து வந்தவரே. 2006இல் ஜாம்ஷெட்பூரின் டாடா வில்வித்தை அகாடமியில் சேர்ந்த பிறகுதான் அவர் கைக்கு நவீனக் கருவி வந்தது. நான்கே ஆண்டுகளில் தில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம். 2012இல் உலகின் முதலிடம்.

இந்த வெற்றிக் கதைகளில் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. கிராமத்து மூங்கில் அம்புக்கும் சர்வதேசக் களத்தின் கார்பன் அம்புக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. மரத்தாலோ, மரமும் கண்ணாடி இழையும் சேர்த்தோ செய்த எளிய வில். அதில் தொடுக்க அலுமினிய அம்பு. மலிவும் உறுதியும் கருதிப் பயிற்சிக் களங்களில் புதியவர்களுக்குத் தரப்படும் சேர்க்கை இது. போட்டிக்குப் போகாமல் பாரம்பரிய வில்லை விருப்பத்துக்காக எய்பவர்களும் இதையே நாடுகிறார்கள். மூங்கிலில் அசராமல் அடித்த பிள்ளை இங்கே வந்ததும் தடுமாறலாம். அம்பு இடப்பக்கம் ஓடும். அல்லது வாலை ஆட்டிக்கொண்டு பறக்கும். "கை சரியில்லை" என்று தீர்ப்பு எழுதுவது சுலபம். ஆனால் அந்தத் தீர்ப்புக்கு முன் விசாரிக்கப்பட வேண்டிய சாட்சி ஒன்று இருக்கிறது: அம்பு.

வளைந்தால்தான் நேர்

அம்பு நேராகப் பறப்பதாகக் கண் சொல்கிறது. அது பொய். நாணை விட்ட கணத்தில் அம்பு மீனைப் போல நெளிகிறது.

காரணம் எளிது. பாரம்பரிய வில்லில் அம்பு, கைப்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. நாணோ கைப்பிடியின் நடுவை நோக்கிப் பாய்கிறது. அம்பு விறைத்த கம்பியாக இருந்தால், வாலை நாண் நடுவுக்கு இழுக்க, தலை பக்கவாட்டில் விலகியே தீரும். ஆனால் அனுபவமுள்ள வில்லாளியின் அம்பு குறியில் போய்த் தைக்கிறது. இந்த முரணுக்கு "வில்லாளியின் புதிர்" என்று 1913இல் பெயர் வைத்தவர் அமெரிக்கரான ராபர்ட் எல்மர். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற பொறியாளர் அதிவேகப் படக்கருவியால் அதை அவிழ்த்துக் காட்டினார். பின்னாலிருந்து நாண் தள்ள, முன்னால் முனை நகர மறுக்க, நடுவில் தண்டு வளைகிறது. ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் வளைந்து, கைப்பிடியைத் தொடாமல் அதைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. பிறகு இறகுகள் அந்த நெளிவை அடக்குகின்றன.

ஆக, அம்பு வளைய வேண்டும். அளவோடு வளைய வேண்டும். அதிகம் விறைப்பாக இருந்தால் வலக்கை வில்லாளியின் அம்பு இடப்பக்கம் போகும். அதிகம் துவண்டால் வலப்பக்கம் போகும். இடக்கைக்காரருக்கு இது தலைகீழ்.

ஒலிம்பிக்கில் பயன்படும் ரிகர்வ் வில்லில் இந்தத் தொல்லையைச் சமாளிக்க வசதிகள் உண்டு. அம்பு நடுவுக்கு அருகிலேயே அமரும்படி கைப்பிடி ஆழமாக வெட்டப்பட்டிருக்கும். அம்பு உரசும் இடத்தில் ஸ்பிரிங் வைத்த சிறு பொத்தான் இருக்கும். அதைத் திருகி நுணுக்கமாகத் திருத்தலாம். மரவில்லில் இவை எதுவும் இல்லை. வில்லில் திருத்த முடியாததை அம்பில்தான் திருத்தியாக வேண்டும்.

நான்கு இலக்க ஜாதகம்

மூங்கில் அம்பு செய்பவர் இந்த வேலையைக் கையாலேயே முடித்துவிடுகிறார். கணு எங்கே, தடிமன் எவ்வளவு என்று பார்த்துப் பொறுக்கி, தீயில் வாட்டி நிமிர்த்தி, வளைத்துப் பார்த்து ஒதுக்குகிறார். தன் வில்லின் பலம் அவருக்குத் தெரியும். மத்திய இந்தியாவின் பில் பழங்குடியினருக்கு அந்தப் பெயரே "வில்" என்ற திராவிடச் சொல்லிலிருந்து வந்தது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அத்தகைய சமூகங்களில் இந்த அறிவு ஏட்டில் இல்லை, விரலில் இருக்கிறது.

அலுமினியம் வேறு ஜாதி. அமெரிக்காவில் டக் ஈஸ்டன் 1939இல் அலுமினிய அம்புகளைச் செய்தார். 1941இல் அவற்றைக் கொண்டு லாரி ஹியூஸ் அமெரிக்க தேசியப் பட்டம் வென்றார். அன்றிலிருந்து அலுமினியத்தின் பெருமை ஒன்றே: ஒரு அம்பைப் போலவே மறு அம்பு. மழையில் முறுக்காது, வெயிலில் விரியாது. ஆனால் வில்லைப் பார்த்து அம்பைச் செய்யும் கை இங்கே இல்லை. ஆலை செய்து வைத்த அளவுகளில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும்.

அந்த அளவு, தண்டின் மேலேயே நான்கு இலக்கங்களில் அச்சிடப்பட்டிருக்கும். 2016 என்றால் முதல் இரண்டு இலக்கங்கள் வெளிவிட்டம்: ஓர் அங்குலத்தின் 64 பங்குகளில் 20. அடுத்த இரண்டு குழாய்ச் சுவரின் தடிமன்: ஓர் அங்குலத்தின் 1,000 பங்குகளில் 16. விறைப்பைக் கணக்கிடும் முறையும் நேரடியானது. 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று அளக்கிறார்கள். 2016 தண்டு 0.531 அங்குலம் தொய்யும். 1916 தண்டு 0.623 அங்குலம். 1816 தண்டு 0.756 அங்குலம்.

இந்த எண்களைக் கவனித்தால் சிக்கல் விளங்கும். அளவுகள் படிக்கட்டு போல ஏறுகின்றன. வில்லின் தேவையோ இரண்டு படிகளுக்கு நடுவே எங்கோ நிற்கிறது. தவிர, புதியவர்களுக்குக் கிடைப்பது அவர்கள் வில்லுக்கென்று வாங்கிய அம்பாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. பலம் கூடிய காம்பவுண்ட் வில்லுக்காக வாங்கி மிஞ்சிய 2117 போன்ற தடித்த அம்பு, 30 பவுண்டு மரவில்லோடு வரும் சிறுவனிடம் போய்ச் சேர்ந்தால், அவன் எத்தனை ஒழுங்காக நாணை விட்டாலும் அம்பு இடப்பக்கம்தான் ஓடும்.

கனம் செய்யும் மாயம்

படிகளுக்கு நடுவே சரிவுப்பாதை போட்டுத் தருவது முனையின் எடை. மூங்கில் குச்சி ஒன்றை வெறும் காற்றில் தள்ளினால் அது வளையாது. அதன் நுனியைச் சுவரில் ஊன்றித் தள்ளினால் வில்லாக வளையும். அம்பின் முனை கனக்கக் கனக்க, அது அந்தச் சுவரைப் போல நடந்துகொள்கிறது. நாண் தள்ளும் வேகத்துக்கு முனை உடனே இசைந்து கொடுப்பதில்லை. இடையில் தண்டு அதிகம் வளைகிறது. தண்டின் சொந்த விறைப்பு மாறவில்லை. ஆனால் எய்யும் கணத்தில் அது மெலிந்த தண்டு போலச் செயல்படுகிறது.

முனைகளின் எடை "கிரெயின்" என்ற அளவில் சொல்லப்படுகிறது. பொற்கொல்லரின் குன்றிமணியைப் போலத் தானிய மணியிலிருந்து பிறந்த அளவு இது. 100 கிரெயின் என்பது சுமார் 6.5 கிராம். அலுமினிய அம்புக்கு 125 கிரெயின் முனை சாதாரணம். 145, 175, 200 என்று மேலே போகலாம். திருகு முனையாக இருந்தால், அதைத் தாங்கும் அலுமினியச் செருகுக்குப் பதில் பித்தளைச் செருகு வைத்தும் கனத்தைக் கூட்டலாம்.

பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு இது: முனையில் 25 கிரெயின் கூடினால், வில்லின் பலம் சுமார் 3 பவுண்டு கூடியது போன்ற விளைவு. தண்டின் நீளத்தில் ஓர் அங்குலம் குறைத்தால், சுமார் 5 பவுண்டு குறைந்தது போன்ற விளைவு. எல்லா வில்லுக்கும் இது துல்லியமாகப் பொருந்தாது. எங்கிருந்து தொடங்கலாம் என்று காட்டும், அவ்வளவே.

எடை இன்னொரு நன்மையும் தருகிறது. 29 அங்குல நீளமுள்ள 2016 தண்டின் எடை சுமார் 306 கிரெயின். அதில் 125 கிரெயின் முனையும் இறகும் பொருத்தி விரல்மேல் நிறுத்தினால், சமநிலைப் புள்ளி நடுவிலிருந்து ஏறத்தாழ 3 அங்குலம் முன்னே இருக்கும். முனையில் மேலும் 100 கிரெயின் ஏற்றினால் அது கிட்டத்தட்ட 5 அங்குலம் முன்னே போகும். கனம் முன்னால் போகப் போக, பின்னால் இருக்கும் இறகுகளுக்கு நெம்புகோலின் நீளம் கூடுகிறது. அம்பின் வாலாட்டத்தை அவை சீக்கிரம் அடக்குகின்றன. இலேசான மூங்கில் தண்டில் இரும்பு முனையைச் செருகிய பழங்குடி அம்பு இந்த நன்மையைத் தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்தது.

முனையைக் கனமாக்கும் மோகம் வெளிநாடுகளில் வேட்டைக்காரர்களிடமிருந்து பரவியது. கனத்த முனை ஆழமாகத் தைக்கும் என்பது அவர்கள் நோக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நோக்கத்துக்கு இடமில்லை. இங்கே முனையின் எடை இலக்குப் பலகைக்கான விஷயம் மட்டுமே.

இறகில்லா அம்பின் வாக்குமூலம்

சரியான எடை எது என்பதைச் சொல்ல விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இறகு ஒட்டாத இரண்டு அம்புகள் போதும். இறகு, அம்பின் குற்றங்களை மூடி மறைக்கும் வழக்கறிஞர். அது இல்லாத அம்பு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும்.

செய்முறை இதுதான். 15 முதல் 20 மீட்டர் தூரத்தில், இறகுள்ள அம்புகள் மூன்றும் இறகில்லாத அம்புகள் இரண்டும் ஒரே குறியில் எய்யப்படுகின்றன. தண்டு, முனை, நீளம் எல்லாம் இரண்டு வகைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். வலக்கைக்காரரின் இறகில்லா அம்புகள் மற்றவற்றுக்கு இடப்பக்கம் தைத்தால் அம்பு விறைப்பு: முனையில் எடையைக் கூட்ட வேண்டும். வலப்பக்கம் தைத்தால் துவளல்: எடையைக் குறைக்க வேண்டும், அல்லது தண்டைக் கொஞ்சம் வெட்ட வேண்டும். இரண்டு வகையும் ஒரே கூட்டமாகச் சேர்ந்தால் அம்பும் வில்லும் சமாதானமாகிவிட்டன என்று பொருள்.

மேலும் கீழும் விலகுவது வேறு கதை. இறகில்லா அம்பு தாழ்வாகத் தைத்தால், அம்பின் வால் நாணில் பூட்டப்படும் இடம் மிக உயரத்தில் இருக்கிறது. உயரத்தில் தைத்தால் அந்த இடம் மிகத் தாழ்வில் இருக்கிறது. இதை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இடம் வலம் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் வால் கைப்பிடியில் இடித்துத் திரும்பி, விறைப்பைப் பற்றிப் பொய்ச் சாட்சி சொல்லும்.

வரிசைமுறை முக்கியம். தண்டை முழு நீளத்தில் வைத்துக்கொண்டு, வெவ்வேறு எடையுள்ள முனைகளை மாற்றி மாற்றி எய்து பார்ப்பதே முதல் வேலை. முனையைத் தண்டில் ஒட்டச் சூட்டில் இளகும் பசையைப் பயன்படுத்தினால் திரும்பக் கழற்றுவது எளிது. ஆனால் தீயை முனையின் இரும்பில்தான் காட்ட வேண்டும், அதுவும் இதமாக. அலுமினியக் குழாய் அளவுமீறிச் சூடேறினால் அதன் வலு குறைந்துவிடும். எந்த முனைக்கும் அம்பு துவண்டே போகிறது என்று உறுதியான பிறகுதான் தண்டில் கைவைக்க வேண்டும். அதுவும் கால் அங்குலம், கால் அங்குலமாக. ஏற்றிய எடையை இறக்கலாம். வெட்டிய தண்டை வளர்க்க முடியாது.

சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எய்பவரின் கை ஓரளவு ஒரே மாதிரி இயங்க வேண்டும். இறகுள்ள அம்புகளே பலகையெங்கும் சிதறினால், இறகில்லா அம்பு எங்கே தைத்தாலும் அதற்கு அர்த்தமில்லை. நேற்று வில்லைத் தொட்டவருக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம். சில மாதம் பழகியவருக்கு வேண்டும். ஒரே ஒரு அம்பை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது.

கனத்துக்கும் விலை உண்டு

எடை கூடினால் எல்லாம் நன்மை என்று முடிவுகட்டவும் முடியாது. மேலே சொன்ன கணக்கில், முனையில் 100 கிரெயின் ஏறும்போது அம்பின் மொத்த எடை சுமார் 30 கிராமிலிருந்து 36 கிராமாகிறது. அதே வில், அதே இழுப்பு, வேகம் குறையும். வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அம்பு, 30 மீட்டர் தூரத்தைக் கடக்கும் 0.6 வினாடிக்குள் சுமார் 1.8 மீட்டர் கீழே விழுகிறது. வேகம் 46 மீட்டராகக் குறைந்தால் அதே தூரத்தில் சுமார் 2.1 மீட்டர் விழும். முப்பது சென்டிமீட்டர் வித்தியாசம். 30 மீட்டர் போட்டிக்கான இலக்குத் தாளின் குறுக்களவே 80 சென்டிமீட்டர்தான்.

குறிக்கருவி இல்லாத மரவில்லில், கண்ணளவில் குறிபார்ப்பவர் அந்த வித்தியாசத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். 20, 30 மீட்டரில் அது முடியும். தூரம் 50 மீட்டருக்குப் போனால் கனத்த முனை சுமையாகிவிடும். ஆகவே தேவைக்கு மேல் ஒரு கிரெயினும் வேண்டாம். தண்டு மிகவும் விறைப்பாக இருந்து, முனையில் ஏற்றியும் ஏற்றியும் இடப்பக்கமே போனால், கோளாறு எடையில் இல்லை. தண்டின் அளவில் இருக்கிறது. மெலிந்த தண்டுக்கு மாறுவதே வழி. முனையின் எடை ஒரு படியின் குறையைத் தீர்க்கும். மூன்று படியின் குறையைத் தீர்க்காது.

கனத்துக்குப் பயந்து மிக இலேசான அம்புக்குத் தாவுவதும் ஆபத்து. அம்பு ஏற்காத சக்தியை வில் தன் உடம்பில் வாங்கிக்கொள்கிறது. மரவில் அதைத் தாங்காமல் பிளக்கலாம். அலுமினியத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. வளைந்தால் வளைந்ததுதான். இரும்புச் சட்டத்திலோ சுவரிலோ மோதிய அம்பைச் சமமான மேசையில் உருட்டிப் பார்க்க வேண்டும். தத்தினால் ஒதுக்க வேண்டும். நசுங்கியதையும் விரிசல் விட்டதையும் மீண்டும் நாணில் பூட்டவே கூடாது. எய்யும்போது முறிந்தால் அது வில்லைப் பிடித்த கையில் பாயும்.

உச்சியில் இருப்பவர்கள் இந்தக் கவலைகளைக் கடந்துவிட்டார்கள். அலுமினியக் குழலின் மேல் கார்பன் சுற்றிய மெல்லிய அம்புகள் 1990களில் ஒலிம்பிக் களத்தைப் பிடித்துக்கொண்டன. அந்த மட்டத்தில் இந்தியாவும் வெகுதூரம் வந்துவிட்டது. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வில்வித்தையில் மட்டும் ஐந்து தங்கம் உட்பட ஒன்பது பதக்கங்கள். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஹர்விந்தர் சிங்குக்குத் தங்கம். ஆனால் ஒலிம்பிக் பதக்கம் 1988இல் தொடங்கி 2024 வரை கைக்கு எட்டவில்லை. பாரிஸில் தீரஜ் பொம்மதேவராவும் அங்கிதா பகத்தும் கலப்பு அணிப் பிரிவில் நான்காம் இடத்தில் நின்றார்கள்.

உச்சியில் உள்ள இடைவெளியை அடைக்கப் பயிற்சியாளர்களும் பணமும் உண்டு. அடிவாரத்தில் அப்படியில்லை. மூங்கில் வில்லோடு வரும் ஒரு பிள்ளை, பொருந்தாத அம்பால் ஆறு மாதம் தவறவிட்டு, தனக்கு இது வராது என்று வீடு திரும்பினால், அந்த இழப்பு எந்தப் புள்ளிப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அதைத் தடுக்கத் தேவைப்படுவது வெவ்வேறு எடையில் ஒரு கை நிறைய முனைகள், ஒரு பசைக் குச்சி, ஒரு சிறு அடுப்பு, இறகில்லாத இரண்டு அம்புகள், பொறுமையான ஒரு மாலைப்பொழுது. பிள்ளையைக் களத்திலிருந்து மாற்றுவதற்கு முன் அம்பின் முனையை மாற்றிப் பார்க்கலாம்.